வாக்குப்பெட்டி வராத பாலைவனம்: மேற்கு சஹாராவும் ஆயுதப் போராட்டத்தின் சட்டத் தகுதியும்

1975 அக்டோபர் 16 அன்று, தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் மேற்கு சஹாரா குறித்த தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. ஐ.நா. பொதுச்சபை அதனிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தது. ஸ்பெயின் 1884இல் அந்தக் கடற்கரையில் காலூன்றத் தொடங்கியபோது அது எவருக்கும் உரிமையில்லாத வெற்று நிலமாக இருந்ததா? இல்லையென்றால், மொராக்கோ அரசோடும் அன்றைய மொரித்தானியப் பகுதியோடும் அந்த நிலத்துக்கு என்ன சட்டத் தொடர்பு இருந்தது? முதல் கேள்விக்கு நீதிபதிகள் ஒருமனதாக ‘இல்லை’ என்றார்கள். அங்கே தலைவர்களும் அமைப்பும் கொண்ட மக்கள் வாழ்ந்தார்கள். இரண்டாவது கேள்விக்கான விடையில் இரண்டு பகுதிகள் இருந்தன. மொராக்கோ சுல்தானுக்கும் அங்கிருந்த சில குலங்களுக்கும் இடையே விசுவாசத் தொடர்பு இருந்தது என்பது ஒன்று. அந்தத் தொடர்பு நிலத்தின் மீதான இறையாண்மை ஆகாது, அங்குள்ள மக்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிப்பதற்கு அது தடையாகவும் நிற்காது என்பது மற்றொன்று. அன்றே மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் தம் பக்கமே நிற்பதாக நாட்டுக்கு அறிவித்தார். 3,50,000 மொராக்கோ மக்கள் எல்லையைக் கடந்து நடப்பார்கள் என்றும் சொன்னார். நவம்பர் 6ஆம் நாள் அந்தப் ‘பசுமைப் பேரணி’ எல்லையைத் தாண்டியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே மொராக்கோவின் படைகள் வடகிழக்கு வழியாக உள்ளே வந்திருந்தன. அரை நூற்றாண்டு கடந்தும் அவை திரும்பவில்லை.

ஒரே நிலத்துக்கு இரண்டு தேசங்கள் உரிமை கோரும்போது நாம் வழக்கமாக வரலாற்றிடம் போய் நிற்கிறோம். யார் முதலில் வந்தார்கள், யார் நெடுங்காலம் ஆண்டார்கள், யாருடைய முன்னோர் அந்த மண்ணில் அடங்கியிருக்கிறார்கள் என்று கேட்கிறோம். விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியதும், அந்தத் தரப்பு துப்பாக்கி ஏந்தினால் விடுதலைப் போர் என்றும், மற்றத் தரப்பு ஏந்தினால் பயங்கரவாதம் என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். இந்த அணுகுமுறையே பிழை என்பது என் வாதம். ஆயுத எதிர்ப்பின் சட்டத் தகுதி பழைய பட்டயங்களிலிருந்து பிறப்பதில்லை. இன்று அங்கே வாழும் ஒரு மக்களின் தேர்வு பலவந்தத்தால் பறிக்கப்பட்டதா என்ற கேள்வியிலிருந்தே அது பிறக்கிறது. அது பிறந்த பிறகும் கட்டற்ற அனுமதியாக இருப்பதில்லை. யாரைத் தாக்கலாம், பிடிபட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்ற கடமைகளோடு சேர்ந்தே வருகிறது. இந்த இரண்டையும் தெளிவாகக் காட்டும் களம் மேற்கு சஹாரா. பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசும்போது எழும் உணர்ச்சிக் கொந்தளிப்பு இங்கே குறைவு என்பதால், சட்டத்தின் எலும்புக்கூடு இங்கே துலக்கமாகத் தெரிகிறது.

மொராக்கோவின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு வைப்பதுதான் நேர்மை. இஸ்லாமிய அரசியல் மரபில் ஆட்சியுரிமை எல்லைக்கோட்டால் மட்டும் அளக்கப்பட்டதில்லை. ‘பைஅத்’ எனும் விசுவாச உறுதிமொழியே ஆள்பவரையும் ஆளப்படுபவரையும் பிணைத்தது. சஹாராவின் குலத்தலைவர்கள் சிலர் சுல்தானுக்கு அந்த உறுதிமொழியைத் தந்தார்கள். சுல்தானும் அவர்களில் சிலரைத் தம் அதிகாரிகளாக நியமித்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்மாரா நகரை எழுப்பிய ஷேக் மா அல்-அய்னைன் சுல்தானின் உதவியோடுதான் அதைக் கட்டினார். பின்னர் அவர் பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்த்து நின்றார். மொராக்கோவை ஐரோப்பியர்கள் துண்டு துண்டாக வெட்டினார்கள் என்பதும் உண்மை. தர்ஃபாயா பகுதியை ஸ்பெயின் 1958இலும், இஃப்னியை 1969இலும் திருப்பித் தந்தது. சஹாராவும் அந்த வரிசையில் கடைசித் துண்டுதான் என்று மொராக்கோ சொல்கிறது. அரண்மனையை எதிர்த்துச் சிறை சென்ற இடதுசாரிகளில்கூடப் பெரும்பாலோர் இந்தக் கோரிக்கையை ஏற்றவர்கள். ஆகவே இதை ஒரு மன்னரின் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தேசம் உண்மையாகவே நம்பும் கோரிக்கை இது.

ஆனால் இந்த வாதத்துக்கு நிற்குமிடம் எது? விசுவாச உறுதிமொழியே இறையாண்மை என்றால், அது சஹாராவோடு முடியாது. மொராக்கோவின் இஸ்திக்லால் கட்சித் தலைவர் அல்லால் அல்-ஃபாஸி முன்வைத்த ‘பெரிய மொராக்கோ’ வரைபடத்தில் மொரித்தானியா முழுவதும், அல்ஜீரியா, மாலி ஆகியவற்றின் பகுதிகளும் இருந்தன. 1960இல் விடுதலையடைந்த மொரித்தானியாவை மொராக்கோ 1969 வரை ஏற்கவில்லை. இன்று மொரித்தானியா ஒரு நாடு என்பதில் மொராக்கோவுக்கே ஐயமில்லை. அங்கே எந்தப் பழைய பைஅத் செல்லாமல் போனதோ, அதுவே அண்டை நிலத்தில் மட்டும் எப்படிச் செல்லும்? இஃப்னியின் உதாரணமும் மொராக்கோவுக்கு எதிராகவே திரும்புகிறது. 1966இல் பொதுச்சபை நிறைவேற்றிய 2229ஆம் தீர்மானம் இஃப்னியையும் ஸ்பானிய சஹாராவையும் ஒரே தாளில் வைத்து வெவ்வேறாக நடத்தியது. இஃப்னி விஷயத்தில் மொராக்கோவோடு பேசி அதிகாரத்தை மாற்றச் சொன்னது. சஹாரா விஷயத்தில் அங்குள்ள மக்களிடையே பொதுவாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. நாலாபுறமும் மொராக்கோ மண்ணும் கடலும் சூழ்ந்த ஒரு சிறு ஆதிக்கப் பகுதிக்குப் பொருந்தும் விதி, 2,66,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தனக்கென ஒரு மக்களைக் கொண்ட நிலத்துக்குப் பொருந்தாது என்பதை உலக மன்றம் பசுமைப் பேரணிக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

அந்த மக்கள் யார் என்பதும் அன்று புதிராக இருக்கவில்லை. 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் 73,497 சஹ்ராவிகள் பதிவானார்கள். 1975 மே மாதம் அங்கே சென்ற ஐ.நா. பார்வைக் குழு, தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஸ்பெயினும் வேண்டாம், அண்டை நாடுகளும் வேண்டாம், விடுதலையே வேண்டும் என்று சொன்னதைப் பதிவுசெய்தது. ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ மரணப் படுக்கையில் கிடந்த நவம்பர் 14 அன்று, ஸ்பெயின், மொராக்கோ, மொரித்தானியா மூன்றும் மாட்ரிட் நகரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன; ஸ்பெயின் தன் நிர்வாகப் பொறுப்பை மற்ற இரு நாடுகளுக்கும் விட்டுக்கொடுக்கும் உடன்பாடு அது. அதில் சஹ்ராவிகளின் சார்பில் எவரும் இல்லை. ஸ்பெயினே அமைத்திருந்த ‘ஜமாஅத்’ எனும் சஹ்ராவி சபையின் கருத்து மதிக்கப்படும் என்று அந்த உடன்பாட்டில் ஒரு வரி இருந்தது. ஆனால் 102 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையில் 67 பேர் அதே மாதக் கடைசியில் குவெல்தா சம்மூரில் கூடி, சபையைக் கலைத்துவிட்டதாகக் கையெழுத்திட்டார்கள். 1976 பிப்ரவரியில் எஞ்சியவர்களைக் கூட்டி வாங்கிய ஒப்புதலைத்தான் மொராக்கோ இன்றும் மக்களின் சம்மதம் என்று காட்டுகிறது. ஐ.நா.வின் சட்டத்துறைத் தலைவராக இருந்த ஹான்ஸ் கோரெல் 2002 ஜனவரியில் பாதுகாப்பு சபைக்கு அளித்த கருத்துரை, மாட்ரிட் உடன்பாடு இறையாண்மையை யாருக்கும் கைமாற்றவில்லை, கைமாற்றும் தகுதி ஸ்பெயினுக்கு இருக்கவுமில்லை என்று தெளிவாகச் சொல்லியது. வீட்டுக் காவலாளி வீட்டை விற்க முடியாது என்ற எளிய நியாயம்தான் இது. 1975 வழக்கில் தனிக் கருத்து எழுதிய நீதிபதி ஹார்டி டில்லார்டு இதை ஒரே வரியில் அடக்கினார்: நிலத்தின் விதியை மக்கள் தீர்மானிக்க வேண்டும்; மக்களின் விதியை நிலம் தீர்மானிக்கக் கூடாது.

சரி, தேர்வு பறிக்கப்பட்டது. அதற்காக ஆயுதம் ஏந்தலாமா? இங்கேதான் மிகைப்படுத்தல் தொடங்குகிறது, இரு பக்கமும். ‘ஆக்கிரமிக்கப்பட்டவர் எந்த வழியிலும் போராடலாம் என்று சட்டம் சொல்கிறது’ என்பது ஒரு மிகை. ‘அரசல்லாத எவர் ஆயுதம் ஏந்தினாலும் குற்றம்’ என்பது மற்றொன்று. ஐ.நா. சாசனம் பலப்பிரயோகத்தைத் தடுப்பது அரசுகளுக்கு இடையிலான உறவில். 1970ஆம் ஆண்டின் 2625ஆம் தீர்மானம் அதை இன்னொரு திசையில் நீட்டியது. ஒரு மக்களின் சுயநிர்ணய உரிமையைப் பலவந்தத்தால் பறிக்கக் கூடாது என்று எல்லா அரசுகளையும் அது கட்டியது. அத்தகைய பலவந்தத்தை எதிர்க்கும் மக்கள் சாசனத்துக்கு உட்பட்டு ஆதரவு கேட்கவும் பெறவும் உரியவர்கள் என்றது. 1974இல் ஆக்கிரமிப்புக்கு இலக்கணம் வகுத்த 3314ஆம் தீர்மானத்தின் 7ஆம் பிரிவு அதே மக்களின் ‘போராடும்’ உரிமையை விட்டுக்கொடுக்காமல் காத்தது. அந்தச் சொல்லுக்குள் ஆயுதம் அடங்குமா என்பதில் அன்றே பிளவு இருந்தது. காலனியாதிக்கத்திலிருந்து மீண்ட நாடுகள் அடங்கும் என்றன. மேற்கத்திய நாடுகள் பல அமைதிவழிப் போராட்டம் மட்டுமே என்றன. 1982இன் 37/43ஆம் தீர்மானம் ‘ஆயுதப் போராட்டம் உட்பட’ என்று வெளிப்படையாகவே எழுதியபோதும் மேற்கு நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. பொதுச்சபைத் தீர்மானங்கள் தம்மளவில் சட்டமும் ஆகிவிடா. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் தேறுவது இதுதான் என்று கருதுகிறேன்: பலவந்தமாகத் தேர்வைப் பறிக்கும் அரசின் செயலைப் பன்னாட்டுச் சட்டம் தடுக்கிறது, அதை எதிர்த்து அந்த மக்கள் எழுவதைத் தடுக்கவில்லை. ஆக்கிரமிப்பாளரின் துப்பாக்கியும் எதிர்ப்பவரின் துப்பாக்கியும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. சஹாரா விஷயத்தில் இது பொதுக் கோட்பாடாக மட்டும் நிற்கவில்லை. சஹ்ராவிகளின் விடுதலை இயக்கமான போலிசாரியோ முன்னணி மொரித்தானியாவைப் போரிலிருந்து விலகச் செய்து, 1979 ஆகஸ்டில் அதோடு அமைதி உடன்பாடு கண்டது. அதே ஆண்டு நவம்பரில் பொதுச்சபை 34/37ஆம் தீர்மானத்தில் அந்த மக்களின் போராட்டம் நியாயமானது என்று உறுதிசெய்து, மொராக்கோவின் ஆக்கிரமிப்பு தொடர்வதைக் கண்டித்தது. போலிசாரியோவை அந்த மக்களின் பிரதிநிதியாகவும் குறிப்பிட்டது.

ஆயுதம் ஏந்துவது தடுக்கப்படவில்லை என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. 1977இல் ஏற்கப்பட்ட ஜெனீவா ஒப்பந்தங்களின் முதல் கூடுதல் நெறிமுறை, காலனி ஆதிக்கத்தையும் அந்நிய ஆக்கிரமிப்பையும் இனவெறி ஆட்சியையும் எதிர்த்துச் சுயநிர்ணயத்துக்காக மக்கள் நடத்தும் போரை, இரண்டு நாடுகளுக்கிடையிலான போருக்குச் சமமாக வைத்தது. போரைத் தொடங்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை; நடக்கும் போரை எப்படி நடத்த வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அதன் 96ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்து வைத்தது: அப்படிப் போராடும் ஓர் இயக்கம் தானாக முன்வந்து, ஜெனீவா விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று சுவிட்சர்லாந்து அரசிடம் பிரகடனம் தரலாம்; தந்தால் அந்த இயக்கத்துக்கும் எதிரி அரசுக்கும் ஒரே உரிமைகள், ஒரே கடமைகள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எந்த இயக்கமும் அந்த வாசல் வழியே முறைப்படி நுழையவில்லை. எதிர்த்து நிற்கும் அரசும் நெறிமுறையில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசும் இஸ்ரேலும் அதில் சேராமலே இருந்தன. மொராக்கோ 2011இல் நெறிமுறையை ஏற்றது. 2015 ஜூனில் போலிசாரியோ தன் பிரகடனத்தை அளித்தது. சுவிஸ் அரசு அதை ஏற்று எல்லா நாடுகளுக்கும் அறிவித்தது. மொராக்கோ ஆட்சேபித்தது. இந்த ஒரு நிகழ்வு, எனக்குத் தெரிந்தவரை, சஹாரா பற்றிய அரசியல் விவாதங்களில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இதைவிட எடையுள்ளது வேறெதுவும் இல்லை. இதன் பிறகு பிடிபடும் சஹ்ராவிப் போராளியைச் சாதாரணக் குற்றவாளியாக நடத்துவதற்கு மொராக்கோவிடம் சட்ட ஆதாரமில்லை. ஒரு குடியிருப்பின் மீது குறிபார்த்துச் சுடும் போராளிக்கும் தன் காரணம் நியாயமானது என்ற பதில் போதாது.

போலிசாரியோவை ஆதரிப்போர் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கடந்து போகக் கூடாது. 1991இல் போர் நின்ற பிறகும் மொராக்கோ போர்க்கைதிகளை அந்த இயக்கம் அல்ஜீரியாவின் டிண்டூஃப் பகுதியில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. கடைசி 404 பேர் 2005 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் சிலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர்கள். போர் ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவிக்க வேண்டும் என்பது மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் விதி. அதை மீறியது விடுதலை இயக்கம் என்பதால் மீறல் சிறிதாகிவிடாது. மறுபக்கம், மொராக்கோ பல நூறு சஹ்ராவிகளைச் சுவடின்றி மறையச் செய்தது. 300க்கும் மேற்பட்டோரை 1991இல் இரகசியச் சிறைகளிலிருந்து விடுவித்தபோதுதான் அவர்கள் உயிரோடு இருந்ததே குடும்பங்களுக்குத் தெரிந்தது. இந்த இரண்டையும் தராசில் வைத்துச் சமன்செய்யும் வேலையை நான் செய்யப் போவதில்லை. காரணம் நியாயமா என்பதும் நடத்தை நியாயமா என்பதும் இரண்டு தனி விசாரணைகள். ஒன்றின் தீர்ப்பை மற்றொன்றில் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது.

‘இந்தக் கதவைத் திறந்தால் ஒவ்வொரு பிரிவினைக் குழுவும் உள்ளே வந்துவிடும்’ என்பது பலரின் அச்சம். இந்தியாவும் அந்த அச்சத்தைச் சட்ட மொழியில் எழுதியிருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சுயநிர்ணயம் என்பது அந்நிய ஆதிக்கத்தின் கீழுள்ள மக்களுக்கே, இறையாண்மையுள்ள நாட்டின் ஒரு பகுதிக்கு அல்ல என்று அது அறிவித்தது. பயங்கரவாதத்துக்கு எதிரான முழுமையான உடன்படிக்கை ஒன்றை 1996இல் ஐ.நா.வில் முன்மொழிந்ததும் இந்தியாதான். அது இன்னும் நிறைவேறாததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, ஆக்கிரமிப்பை எதிர்க்கும் மக்களின் போராட்டத்தை எங்கே வைப்பது என்ற இதே பூசல். இந்தியாவின் அறிவிப்பைச் சில நாடுகள் ஆட்சேபித்தன. ஒரு வாதத்துக்காக அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றாலும் மேற்கு சஹாரா அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத பகுதிகள் பட்டியலில் இருப்பவை 17 மட்டுமே; 1963 முதல் அதில் இருக்கும் மேற்கு சஹாராதான் அவற்றில் மிகப் பெரியது. வட்டம் இத்தனை குறுகலாக இருப்பது பல மக்களுக்கு அநீதி என்று வாதிடலாம். அது வேறு கட்டுரை. ஆனால் குறுகிய வட்டத்துக்குள் இருக்கும் ஒருவரை, வட்டம் விரிந்துவிடும் என்ற பயத்தால் வெளியே தள்ளுவது சட்டமாகாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 1991இல் போலிசாரியோ போர்நிறுத்தத்தை ஏற்றது. 2020 நவம்பர் 13க்குப் பிறகு அதை முறித்து மீண்டும் ஆயுதம் ஏந்தியது. அப்படியானால் வாக்குத் தவறியது யார்? போர்நிறுத்தம் எதற்கு ஈடாகக் கிடைத்தது என்று பார்த்தால்தான் விடை தெரியும். செப்டம்பர் 6 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தது, 1992 ஜனவரியில் பொதுவாக்கெடுப்பு நடக்கும் என்ற ஏற்பாட்டின் ஒரு பாதியாக. மறுபாதி வரவே இல்லை. யாருக்கு வாக்குரிமை என்ற வாதத்திலேயே ஒன்பது ஆண்டுகள் போயின. 2000 தொடக்கத்தில் ஐ.நா. சுமார் 86,000 பேரின் பட்டியலைத் தயாரித்தபோது, அதை எதிர்த்து 1,30,000க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மொராக்கோ தரப்பிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுத்துறைச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் 2003இல் தந்த திட்டம், மொராக்கோவிலிருந்து குடியேறியவர்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. போலிசாரியோ அதையும் ஏற்றது. மொராக்கோ மறுத்தது, விடுதலை என்ற தெரிவு வாக்குச்சீட்டில் இருப்பதையே அது ஏற்கவில்லை. தன் குடியேறிகளும் சேர்ந்து வாக்களித்தால்கூட வெல்வோம் என்று நம்பாத ஓர் உரிமைக்கோரிக்கையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? மொரித்தானிய எல்லையை ஒட்டிய குவர்குவராத் இடைப்பகுதியில் சாலையை மறித்திருந்த சஹ்ராவிகளை அகற்ற மொராக்கோ படை நுழைந்த அன்றுதான் போர்நிறுத்தம் முறிந்தது. ஆனால் அது 28 ஆண்டுகளாகவே முறிந்துகொண்டிருந்தது. மீண்டும் போருக்குப் போனதைச் சட்டமீறல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது விவேகமா என்பது வேறு. மொராக்கோ எழுப்பிய 2,700 கிலோமீட்டர் நீள மணல் சுவருக்கும் அதன் கண்ணிவெடிகளுக்கும் டிரோன்களுக்கும் எதிரே அந்தப் போர் வாக்கெடுப்பை ஓர் அடியும் நெருங்கச் செய்யவில்லை. 2023 அக்டோபரில் ஸ்மாராவின் குடியிருப்புகளில் வெடிகணைகள் விழுந்து ஒருவர் இறந்தபோது, 2015இல் கொடுத்த பிரகடனம் அந்த இயக்கத்தை நோக்கியும் கேள்வி கேட்டது.

‘காலம் கடந்துவிட்டது, உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது’ என்பது இன்றைய வாதம். 2020 டிசம்பர் 10 அன்று, இஸ்ரேலோடு மொராக்கோ உறவு தொடங்குவதோடு சேர்த்து, அமெரிக்க அதிபர் டிரம்ப் மொராக்கோவின் இறையாண்மையை அங்கீகரித்தார். ஸ்பெயின் 2022இலும் பிரான்ஸ் 2024இலும், சஹாராவை மொராக்கோவின் இறையாண்மைக்குள் தன்னாட்சிப் பகுதியாக வைக்கும் மொராக்கோவின் திட்டத்தின் பக்கம் சாய்ந்தன. 2025 அக்டோபர் 31 அன்று பாதுகாப்பு சபையின் 2797ஆம் தீர்மானம் அதே திட்டத்தைப் பேச்சுவார்த்தையின் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. இவை அரசியலில் பெரிய மாற்றங்கள், மறுப்பதில் பயனில்லை. ஆனால் ஒருவர் மற்றொருவரின் நிலத்தை மூன்றாமவருக்கு அங்கீகரித்துத் தருவது, மாட்ரிட்டில் நடந்ததன் மறுபதிப்பு. 2797ஆம் தீர்மானமே சுயநிர்ணயம் என்ற சொல்லைக் கைவிடத் துணியவில்லை. நீதிமன்றங்கள் இதில் பின்வாங்கவுமில்லை. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சஹாராவின் விளைபொருளையும் மீனையும் உள்ளடக்கி மொராக்கோவோடு செய்த உடன்பாடுகளுக்கு ஒன்றியம் தந்த ஒப்புதல் செல்லாது என்றது. அந்த நிலத்தில் இன்று குடியிருப்போரைக் கலந்து பேசுவது, அந்த நிலத்துக்குரிய மக்களின் சம்மதத்தைப் பெறுவதாகாது என்பது அதன் காரணம். உரிய மக்களில் பெரும் பகுதியினர் அங்கே இல்லை. ஐ.நா. அகதிகள் முகமையின் 2018 மதிப்பீட்டின்படி டிண்டூஃப் முகாம்களில் இருந்தவர்கள் 1,73,600 பேர். ஆளை வெளியேற்றி, வேறு ஆளைக் குடியேற்றி, பிறகு ஊரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

போலிசாரியோ அறிவித்த சஹ்ராவிக் குடியரசை 1985இல் அங்கீகரித்த இந்தியா, 2000இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. மொராக்கோவின் பாஸ்பேட் நம் வயல்களின் உரத்துக்கு வேண்டும் என்பது உண்மை. அந்தத் தேவை இருக்கும்போதே, 1966இன் தீர்மானம் கேட்ட வாக்கெடுப்பை நடத்தச் சொல்லி ஐ.நா.வில் குரல் கொடுக்க இந்தியாவுக்குத் தடை எதுவும் இல்லை, கொடுக்கவும் வேண்டும். ஆயுதத்தைக் கீழே வை என்று ஒரு மக்களிடம் சொல்லும் தகுதி, வாக்குச்சீட்டைக் கையில் கொடுப்பவருக்கே உண்டு. லாயூனில் இன்றும் நிற்கும் ஐ.நா. குழுவின் பெயர் மினுர்சோ. அந்தப் பெயரின் முழு வடிவத்தில் ‘பொதுவாக்கெடுப்பு’ என்ற சொல் இருக்கிறது. 1991 முதல் இன்றுவரை அந்தக் குழு ஒரு வாக்கைக்கூடப் பதிவுசெய்யவில்லை.